முகத்துவாரத்தில ஈரப்பத மெசின்

பிள்ளை, உந்த மூலையில வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நிக்கிறது என்ன சாமான் எண்டு கேட்டதுக்கு, "காத்துக்கு ஈரப்பதம் குடுக்கிற மெசின் அம்மப்பா, செடிக்கு" எண்டாய். சாம்பிராணியாக்கும் எண்டு கும்பிடக் கை தூக்கினவன் நான். அந்தக் கையைத் தலையில வைச்சுக்கொண்டு பேசாமல் பல்கனிக்குப் போனன். அங்க நிண்டு சிரிச்சது உனக்குக் கேட்டிருந்தா மன்னிச்சுக்கொள்.

களனி கங்கை வந்து கடலில விழுகிற இடத்தில நீ வீடு எடுத்திருக்கிறாய். ஒரு யன்னலைத் திறந்தா ஆறு, மற்ற யன்னலைத் திறந்தா கடல். வருசத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில மழை கொட்டுற பட்டினம் இது. உன்ர குசினியில உப்புப் போத்தலைக் கவிட்டுத் தட்டினாலும் உப்பு விழுறேல்லை. அப்பளம் பொரிச்சு வைச்சா, நான் கை கழுவிப்போட்டு வாறதுக்குள்ள மொறுமொறுப்புப் போட்டுது. கொப்பன்ர சப்பாத்தில பூஞ்சணம். அலுமாரிக்குள்ள என்ர வேட்டி காயிறேல்லை. இவ்வளவு ஈரம் காணாதெண்டு கரண்டுக் காசும் குடுத்து இன்னும் ஈரம் செய்யிறாய். கெட்டிக்காரி.

ஆர் சொல்லித் தந்தது எண்டு விசாரிச்சன். யூரியூப்பில ஒரு லண்டன் பெட்டையாம். அவளில பிழை இல்லை மோனை. மார்கழி, தை மாதத்தில அவளின்ர வீட்டை அடைச்சுப் பூட்டிச் சூடு போடுவினம். அந்தச் சூட்டில காத்து வறண்டு, இலையின்ர விளிம்பு கருகும். அவளுக்கு அந்த மெசின் தேவை. உனக்கு உது தேவைப்படுற இடம் ஒண்டே ஒண்டுதான்: இராப்பகலாய் ஏசி ஓடுற அறை. அதுக்கும் மெசின் வேண்டாம், செடியை அந்த அறைக்கு வெளியில எடுத்து வை, அலுவல் முடிஞ்சுது. மெசினை நல்ல விலைக்கு வித்துப்போடு. வாங்கிறவர் முகத்துவாரத்து ஆளாய் இல்லாமல் பாத்துக்கொள்.

உன்ர பிரச்சினை முழுக்க உதுதான். கொழும்புச் செடியை லண்டன் பஞ்சாங்கம் பாத்து வளர்க்கிறாய். வெய்யில், மழை, காத்து எல்லாம் அதுகளின்ர சொந்த ஊர்ச் சாமான். வீட்டுக்குள்ள வந்து குந்தினதால அதுகள் இழந்தது ரெண்டு: வெளிச்சமும், வேருக்குக் காத்தும். நீ அந்த ரெண்டையும் விட்டிட்டு மற்ற எல்லாத்தையும் அள்ளி அள்ளிக் குடுக்கிறாய்.

முதல் உந்த மணி பிளான்றைப் பாப்பம். கந்தோர் வரவேற்பு மேசையில இருந்து ஒரு கொடியைக் கிள்ளிக் கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தனி. களவெடுத்து நட்டாத்தான் காசு வருமாம். நல்ல சாத்திரம். தெற்குப் பசுபிக்கில தஹிதித் தீவுக்குப் பக்கத்தில மூரியா எண்டு ஒரு தீவு. இந்தக் கொடியின்ர பிறந்த ஊர் அது. 1880இல ஐரோப்பாவில பேர் வைச்சுப் பதிஞ்சாங்கள். அங்க இருந்து உலகம் முழுக்கப் போய், எங்கட நாட்டில எவ்வளவு சுகமாய் இருந்ததெண்டா, வெள்ளைக்காரன் அதுக்குச் "சிலோன் கொடி" எண்டே ஒரு பட்டப்பேர் வைச்சான். வந்தான் வரத்தான் எங்கட ஊர்ப்பேரை எடுத்திட்டுது! கண்டிப் பக்கம் போற வழியில றோட்டோரத்து மரங்களை அண்ணாந்து பார். உன்ர மேசையில உள்ளங்கை அகலத்தில நிக்கிற அதே இலை, மரத்தில ஏறினாப் பிறகு ஒரு மீற்றர் நீளம் மட்டும் போகும். ஓரமெல்லாம் கிழிஞ்சு, ஆரெண்டு அடையாளம் தெரியாத அளவுக்கு.

அவ்வளவு மரத்தில அவ்வளவு மணி பிளான்ற் ஏறி நிக்கிற நாடுதான் 2022 சித்திரையில வாங்கின கடனைக் கட்டேலாது எண்டு கையை விரிச்சது. எரிவாயுச் சிலிண்டருக்கு நீயும் வரிசையில நிண்டனி. மிச்சக் கதையை நீயே கூட்டிக் கழிச்சுப் பார்.

ஆனால் அந்தக் கொடியில ஒரு பாடம் இருக்கு, காசுப் பாடம் இல்லை. ஏற விட்டா இலை பெருக்கும். தொங்க விட்டா இலை சிறுக்கும். நீ வடிவுக்கெண்டு அலுமாரிக்கு மேல இருந்து தொங்க விட்டிருக்கிறாய், பேந்து "இலை ஏன் வர வரச் சின்னனாய் வருது?" எண்டு கவலைப்படுறாய். ஒரு தடியில பொச்சை இறுக்கிக் கட்டி, சாடிக்கு நடுவில ஊண்டு. கொடியின்ர கணுவை அதில அணைச்சுக் கட்டு. பொச்சு ஈரமாய் இருக்கிற அளவுக்குத் தண்ணி தெளி. கணுவில இருந்து வேர் பிடிச்சு, அடுத்தடுத்த இலை பெரிசாய் வரும். பூக்கேல்லை எண்டு மட்டும் நேத்தி வைக்காதை. அதுக்குப் பூக்கிறதுக்குத் தேவையான ஜிபரெலின் எண்ட ஓமோன் உடம்பில ஊறாத குறை, 2016இல ஆராய்ச்சிக்காரர் கண்டுபிடிச்சிட்டினம். தானாய்ப் பூத்ததெண்டு கடைசியாய் எழுதி வைச்சது 1964இல. உலகத்தில வீடுகளுக்குள்ள நிக்கிற மணி பிளான்ற் எல்லாம் வெட்டி வெட்டி நட்ட கொடி.

அடுத்தது, பத்தரமுல்லைப் பக்கம் போய், வெள்ளைச் சாடியோட, கழுத்தில ரிபன் கட்டி, ஆயிரக்கணக்கில குடுத்து வாங்கிக்கொண்டு வந்தாயே, "சினேக் பிளான்ற்". மோனை, அது மருள். வன்னிப் பற்றைக்குள்ள முள்ளுக்கும் கல்லுக்கும் இடையில, ஆரும் ஒரு சொட்டுத் தண்ணி வார்க்காமல் கும்பல் கும்பலாய் நிக்கிற மருள். உரிச்சா நல்ல நார் வரும். சிங்களச் சனம் நியந்த எண்டு சொல்லி, கயிறு திரிக்கிறதுக்கும் பாய் தட்டுறதுக்கும் எடுத்தவை. நீ வாங்கினது மஞ்சள் கரை போட்டது, அது மேற்கு ஆபிரிக்காவில இருந்து வந்தது எண்டது உண்மை. ஆனாலும் ஒரே குடும்பம், ஒரே குணம். பகல் வெக்கையில இலைத் துவாரத்தைப் பூட்டி வைச்சு, இரவில திறந்து காத்தை எடுக்கிற சாதி. தண்ணியைச் சிக்கனம் பிடிக்கிறதுக்காக அப்பிடி ஒரு பழக்கம். அதுக்குப் போய் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி வார்க்கிறாய். அடி அழுகிக் கையோட வந்தா ஆர் பொறுப்பு? சாடி மண் அடிமட்டும் காஞ்சாப் பிறகு, மாதத்துக்கு ஒருக்கா, மிஞ்சினா ரெண்டு தரம். மழைக் காலத்தில அதுவும் வேண்டாம்.

மூண்டாவது ஆள் மொன்ஸ்ரெரா. உவர் வந்த கதையை நான் கடைக்காரருக்கும் சொல்லிச் சிரிச்சனான். 2022 ஆனியில அரசாங்கம் என்ன சொன்னது? சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வருது, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமையில லீவு, வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டது. நாடு முழுக்கச் சனம் கத்தரி நட்டுது, வெண்டி நட்டுது, மரவள்ளி ஊண்டிச்சுது. நீயும் அந்த லீவை எடுத்தனி. எடுத்துக்கொண்டு போய், சமைக்கேலாத, அவிக்கேலாத, சம்பல் போடேலாத உந்த ஓட்டை இலைக்காரரை வாங்கிக்கொண்டு வந்து வரவேற்பறையில இருத்தினாய். பழுத்தால் பழம் சாப்பிடலாமாம். சரி, காத்திருப்பம்.

நீ மட்டும் விசரி எண்டு நினைக்காதை. 2021 ஆனியில நியூசிலாந்தில ஒருவர் ஒன்பது இலை நிக்கிற ஒரு சின்னச் சாடிக்கு 27,100 நியூசிலாந்து டொலர் குடுத்து ஏலத்தில எடுத்தவர். ரஃபிடோபோரா எண்டு பேர், வெள்ளையும் பச்சையுமாய் இலை. தாய்லாந்திலயும் மலேசியாவிலயும் காட்டு மரத்தில ஏறுற கொடி அது. ஓர் இலைக்கு மூவாயிரம் டொலர் பிடிக்குது. அந்த வெள்ளை நிறத்தில பச்சையமே இல்லை, சமைக்கத் தெரியாத பாகம். வெள்ளை கூடக் கூடச் செடி பட்டினி. பணக்காரனுக்கு எதில ஆசை வருகுதெண்டு சொல்லேலாது.

சரி, பகிடி விட்டிட்டு வெளிச்சத்துக்கு வாறன். உதில நீ செய்யிற பிழைதான் பெரிய பிழை.

உன்ர ரீவி மூலையில நிண்டு, "நல்ல வெளிச்சமாய்த்தானே இருக்கு அம்மப்பா" எண்டு சொல்லுறாய். உன்ர கண்ணுக்கு வெளிச்சம். கண் கெட்ட கள்ளன் மோனை, இருட்டில தன்னை விரிச்சு, வெய்யிலில தன்னைச் சுருக்கி, ரெண்டையும் ஒண்டெண்டு உன்னை நம்ப வைச்சிடும். உச்சி வெயிலில வெளியில ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் எண்டா, உன்ர மூலையில சில நூறு வந்தாப் புண்ணியம். யன்னலை விட்டு ஒவ்வொரு அடி தள்ளத் தள்ள அது விழுந்துகொண்டே போகும். ஒரு வழி சொல்லுறன். முற்பகல் பதினொரு மணிக்குச் செடி நிக்கிற இடத்தில ஒரு வெள்ளைக் கடுதாசியை வைச்சு, அதுக்கு மேல ஒரு முழம் உயரத்தில கையைப் பிடி. விரல் விரலாய் நிழல் விழுந்தா அது கடும் வெளிச்சம், மொன்ஸ்ரெராவுக்கு அதுக்குக் கொஞ்சம் தள்ளி இடம் பார். மங்கலாய் ஒரு கைநிழல் விழுந்தா மணி பிளான்றுக்கும் உன்ர பீஸ் லில்லிக்கும் காணும். நிழலே விழேல்லை எண்டா அந்த இடத்தில உன்ர கலியாணப் படத்தை வை. செடி வைக்காதை.

மொன்ஸ்ரெராவின்ர இலையில ஓட்டை வரேல்லை எண்டு கவலைப்பட்டாயே, வெளிச்சமும் வயசும் காணாட்டி ஓட்டை வராது. உன்ர மூலையில அது தண்டை நீட்டி நீட்டி யன்னலைத் தேடுது. நீ அதைத் திருப்பிச் சுவருப் பக்கம் வைக்கிறாய், படம் எடுக்க வடிவாய் இருக்குமெண்டு.

இன்னொரு விசயம், லண்டன் பெட்டை சொல்லாதது. அவளின்ர ஊரில வடக்கு யன்னல் எண்டா பெரும்பாலும் குளிர் நிழல்தான். இஞ்ச அப்பிடி இல்லை. சித்திரை வருசப்பிறப்பு வர, ஏப்ரல் 5க்கும் 14க்கும் இடையில சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வரும். அதுக்குப் பிறகு வடக்கால சாயும். ஓகஸ்ட் கடைசியில, செப்ரெம்பர் முதல் கிழமையளவில திரும்பவும் உச்சிக்கு வந்து, தெற்கால போகும். அதால வைகாசி, ஆனி, ஆடியில உன்ர வடக்கு யன்னலுக்குள்ள வெய்யில் நேராய் வரும். மார்கழியில தெற்கு யன்னலுக்கு வரும். வருசத்தில ரெண்டு தரம் சாடியளை இடம் மாத்த வேணும். கடல் பக்கத்து மேற்கு யன்னல் பின்னேர வெய்யிலில அடுப்பு. அங்க ஒரு மெல்லிய திரை போட்டிட்டு வை.

கடல் பக்கம் எண்ட உடன நினைவு வருது. வைகாசி பிறந்தா சோளகம் தொடங்கும். அந்தக் காத்து உப்பைக் கொண்டுவந்து இலையில படிய விடும். உன்ர பல்கனிக் கம்பி துருப்பிடிச்சு உரியிறதைப் பாக்கிறாய்தானே? கம்பிக்கே அந்தக் கதி எண்டா இலையைச் சொல்ல வேணுமோ. அந்த மாதங்களில மெல்லிய இலைக்காரரைப் பல்கனியில இருந்து உள்ளுக்கு எடு. துறைமுகத்துக்குப் போற கொள்கலன் லொறியளின்ர தூசியும் சேர்ந்து இலைக்கு மேல ஒரு பட்டையாய்ப் படியும், அது வெளிச்சத்தை மறைக்கும். கிழமைக்கு ஒருக்கா ஈரத்துணியால ரெண்டு பக்கமும் துடை. சமையல் எண்ணெய் பூசி மினுக்கிறேல்லை. உன்ர மாமி பூசினவ. எறும்பு வந்ததுதான் மிச்சம்.

இனித் தண்ணி.

நீ காலமை எழும்பித் தேத்தண்ணி குடிக்க முன்னம் செடிக்குத் தண்ணி. பின்னேரம் கந்தோரால வந்து சப்பாத்துக் கழட்ட முன்னம் செடிக்குத் தண்ணி. பாசம். பொடியனுக்குக் கூட உவ்வளவு கவனிப்பு இல்லை. வேருக்கும் மூச்சு விட ஒட்சிசன் வேணும் பிள்ளை. மண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில காத்து நிக்கும், வேர் அதை எடுக்கும். நீ அந்த இடைவெளி முழுக்கத் தண்ணியை நிரப்பி வைச்சா, மூக்கில ஈரச் சாக்கைக் கட்டின மாதிரித்தான். வேர் செத்து, அழுகல் பூஞ்சணம் பிடிச்சு, அடித்தண்டு கறுத்து மணக்கும். அதிலயும் ஒரு சூது இருக்கு: வேர் அழுகின செடியும் வாடித் தொங்கும், தாகத்தில நிக்கிற செடியும் வாடித் தொங்கும். நீ முதலாவதைப் பாத்து, ஐயோ தாகமாக்கும் எண்டு இன்னும் ஒரு வாளி வார்க்கிறாய். கொலை முடிஞ்சுது.

விரலைச் சாடிக்குள்ள ரெண்டாம் கணு மட்டும் இறக்கிப் பார். ஈரம் பட்டா எழும்பிப் போய் வேறை வேலை பார். காஞ்சிருந்தா, அடி ஓட்டையால வடியிற அளவுக்கு ஒரே தரமாய் வாரு, பிறகு விடு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கரண்டி குடுக்கிறது பிழை. மேல்மண் மட்டும் நனையும், அடிவேர் காயும். விரல் விட அருவருப்பு எண்டா சாடியைத் தூக்கிப் பார், காஞ்ச சாடி லேசாய் இருக்கும். பங்குனி வெக்கையில கிழமைக்கு ரெண்டு தரம் கேக்கிற செடி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில பத்து நாளைக்கு ஒருக்காக்கூடக் கேக்காது. பீஸ் லில்லி மட்டும் ஒரு நாடகக்காரி. தண்ணி இல்லாட்டி முழுசாய்ச் சரிஞ்சு விழுந்து செத்துக் காட்டுவாள். தண்ணி வார்த்து ஒண்டு ரெண்டு மணித்தியாலம் போக நிமிந்து நிப்பாள். பழகுற ஆக்களுக்கு நல்ல வாத்தியார் அவள்தான்.

"அடி ஓட்டையால" எண்டு சொன்னனே, உன்ர சாடியளில ஓட்டை எங்க? அஞ்சு சாடிக்கு ஓட்டை இல்லை. கேட்டா, தரை மாபிள் பழுதாய்ப் போயிடுமாம், அதுக்குப் பதிலாய் அடியில கல் போட்டிருக்கிறாயாம். கல் போட்டாத் தண்ணி வடியும் எண்டது எல்லாரும் நம்புற பொய். மண்ணுக்குள்ள நிக்கிற ஈரம், மண் முழுக்க நிறைஞ்சு மிஞ்சினாத்தான் கல்லுக்குள்ள இறங்கும். அதுமட்டும் கல்லுக்கு மேலயே தேங்கி நிக்கும். அப்ப நீ என்ன செய்திருக்கிறாய்? அழுகல் இடத்தை நாலு விரற்கடை மேல தூக்கி, வேருக்குக் கிட்டக் கொண்டுவந்து வைச்சிருக்கிறாய். ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் சாடியில நடு. அந்தச் சாடியை வடிவான சாடிக்குள்ள இறக்கு. தண்ணி வார்க்கிற நேரம் வெளியில எடுத்துக் குளியலறையில வைச்சு வாரு, முழுக்க வடிஞ்சாப் பிறகு திருப்பி இறக்கு.

குழாய்த் தண்ணி பறவாயில்லை. ஏசி அறையில நிக்கிற டிரசீனாவின்ர இலை நுனி கருகினா மட்டும் மழைத்தண்ணி பிடிச்சு வாரு. பல்கனி இருக்கு, வானம் இருக்கு, காசில்லை.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலகம் முழுக்கப் பூந்தோட்டக்காரர் எங்கட தென்னந்தும்புச் சோத்தைக் கட்டி கட்டியாய் வாங்கிக்கொண்டு போறாங்கள். நீ இஞ்ச இருந்துகொண்டு வெளிநாட்டுப் பையில வாற மண்ணைத் தேடுறாய். தும்புச்சோறு ரெண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, ஆத்துமணலும் உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. தும்புச்சோத்தில உப்பு நிக்கும், ரெண்டு மூண்டு தண்ணியில அலசிப் பிழிஞ்சிட்டுப் போடு. பசளைக்கு, எந்தப் பசளைக் கடையிலும் அல்பேர்ட் கலவை இருக்கும், பையில போட்டிருக்கிற அளவில பாதி, மாதம் ஒருக்கா. 2021இல இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து கமக்காரனை அழவைச்சவங்கள். அந்த நேரத்தில நீ யூரியாவை ஒளிச்சு வைச்சு மணி பிளான்றுக்குப் போட்டது எனக்குத் தெரியும். ஊரில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பால் தேத்தண்ணி மண்டியை மட்டும் சாடிக்குள்ள கவிக்காதை. சீனிக்கும் பாலுக்கும் எறும்பும் பூஞ்சணமும் சின்னக் கறுப்பு ஈயும் வரும். இலைக்கக்கத்தில பஞ்சு பஞ்சாய் வெள்ளை கண்டா அது வெண்மூட்டுப்பூச்சி. சவர்க்காரத் தண்ணியில துணியை நனைச்சுத் துடை. பிறகு ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டுச் சவர்க்காரம் கலந்து கிழமைக்கு ஒருக்கா அடி.

இப்ப சொல்லப் போறது பகிடி இல்லை.

சாடிக்குக் கீழ இருக்கிற தட்டைத் தூக்கிப் பாத்தன். தண்ணி நிண்டது. மணி பிளான்ற் வைச்ச கண்ணாடிப் போத்தலையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தன். நல்ல காலம், ஒண்டும் நெளியேல்லை. 2017இல இந்த நாட்டில ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு வந்தது, நானூறு பேருக்கு மேல செத்தவை. கூடின ஆக்கள் இந்தக் கொழும்பு மாவட்டத்தில. டெங்கு நுளம்பு சாக்கடை தேடிப் போற ஆள் இல்லை. தெளிஞ்ச தண்ணி, வீட்டு நிழல், உன்ர பூச்சாடித் தட்டு, அதுக்கு அதுதான் சொர்க்கம். முட்டை போட்டு ஏழு, பத்து நாளில நுளம்பாய்ப் பறக்கும். தண்ணியைக் கவிட்டு ஊத்தினாக் காணும் எண்டு நினைக்காதை, முட்டை தட்டின்ர விளிம்பில ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில காஞ்சு கிடந்து, அடுத்த தண்ணி பட்ட உடன உயிர்க்கும். தும்புத் தூரிகையால தேய்ச்சுக் கழுவ வேணும். போத்தல் தண்ணியை நாலு நாளைக்கு ஒருக்கா மாத்தி, போத்தலையும் உள்ளுக்குத் தேய். 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா வந்து தட்டில ஒரு குடம்பி கண்டா, நீ கோட்டு வாசலில நிக்க வேணும். அங்க போய் நீதவானிட்ட, "லண்டன் பெட்டை சொன்னவ ஐயா" எண்டு சொல்லிப் பார்.

காத்தைச் சுத்தம் பண்ணும் எண்டுதானே இவ்வளவும் வாங்கினாய்? நாசா சொன்னதாம். சொன்னதுதான், 1989இல. சின்னப் பெட்டியை இறுக்கிப் பூட்டி, அதுக்குள்ள செடியை வைச்சுச் செய்த பரிசோதனை. விண்கலத்தில போற ஆக்களுக்குச் சரி. உன்ர வீட்டில யன்னல் இருக்கு. 2019இல அமெரிக்காவில ட்ரெக்செல் பல்கலைக்கழகத்து ரெண்டு பேர் அந்தக் கணக்குகளைத் திரும்பப் பாத்து, திறந்த கட்டிடத்தில வாற சாதாரண காத்தோட்டத்துக்கு ஈடாக வேணுமெண்டா ஒரு சதுர மீற்றருக்குப் பத்தில இருந்து ஆயிரம் செடி மட்டும் வைக்க வேணும் எண்டு எழுதினவை. உன்ர வரவேற்பறைக்கு அந்தக் கணக்கில வைச்சா, நீயும் மாப்பிள்ளையும் படிக்கட்டில படுக்க வேணும். யன்னலைத் திற. கடற்காத்து வரும்.

கடைசியாய் ஒரு ஆள் மிச்சம் நிக்கிறார். கொண்ணன்ர மேன் தவழ்ந்து வாற இடத்தில, வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையோட ஒருவர், டிஃபென்பாக்கியா. கரணைக் கிழங்கு சரியா அவியாட்டித் தொண்டை கடிக்கும், சேம்பை வெறுங்கையால வெட்டினாக் கை கடிக்கும், உனக்குத் தெரியும். கொம்மம்மா பழப்புளி விட்டு அவிச்சதும் அதுக்குத்தான். உந்த ஆளும் அதே குடும்பம். இலைக்குள்ள கல்சியம் ஒட்சலேற்று, ஊசி ஊசியாய், கண்ணுக்குத் தெரியாத அளவில. குழந்தை கடிச்சா நாக்கும் வாயும் வீங்கும், கதை வராது, விழுங்கேலாது. மணி பிளான்றிலயும் மொன்ஸ்ரெராவிலயும் பீஸ் லில்லியிலயும் அதே ஊசி இருக்கு, கொஞ்சம் குறைவாய். அதுகளை எட்டாத உயரத்துக்கு ஏத்து. உந்தப் புள்ளிக்காரரை இண்டைக்கே உன்ர கந்தோருக்கு அனுப்பு. ஒரு கொடியைக் களவெடுத்த இடத்துக்கு ஒரு சாடியாய்க் குடுத்த புண்ணியமும் கிடைக்கும்.

மற்றவையின்ர தீர்ப்பைச் சொல்லுறன், எழுதிக்கொள். மொன்ஸ்ரெரா கிழக்கு யன்னலடிக்கு, ஒரு பொச்சுத் தடியோட. மணி பிளான்றும் அப்பிடியே. பீஸ் லில்லி குளியலறை யன்னலுக்கு. மருள் உனக்கு விரும்பின இடத்துக்கு, ஆனால் வாளி அதுக்குக் கிட்டப் போகக்கூடாது. டிரசீனாவை ஏசி அறையில இருந்து வெளியில எடு. மிச்சம் ரெண்டும் வேர் செத்தது, தூக்கிப் போட்டிட்டு மண்ணையும் போட்டுவிடு, அந்த மண்ணில திரும்ப நடாதை. நான் வாற கிழமை பருத்தித்துறைக்குப் போறன், போய் வர மாதம் ஆகும். அதுமட்டும் ஞாயிறுக்கு ஞாயிறு தட்டுகளைத் தேய். தண்ணி வார்க்கிறதுக்கு முன்னம் விரலை விட்டுப் பார்.